ஐந்து பச்சைக் கோட்டுகளும் ஒரு கணக்குப்பிள்ளையும்

சென்ற இதழில் வந்த கோல்ஃப் கட்டுரையைப் படித்து முடித்தபோது நன்னூலார் நினைவுக்கு வந்தார். நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று அவர் வகுத்து வைத்தாரே, குன்றக் கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், நின்று பயனின்மை என்று, அத்தனைக்கும் ஒரே கட்டுரையிலிருந்து உதாரணம் காட்ட முடியும் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. கட்டுரையாளரின் முடிபு இது: ஒரு கோல்ஃப் ஆட்டக்காரரின் தரத்தை அறிய அவர் வாழ்நாளில் வென்ற பரிசுப் பணம் ஒன்றே போதும், எண் பொய் சொல்லாது, மற்றதெல்லாம் பழைய ரசிகர்களின் புலம்பல். எண்ணுக்கு வாய் கிடையாது ஐயா, அதற்காகப் பேச வருகிறவருக்குத்தான் வாய். இவருடைய வாயிலிருந்து வந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில், கட்டுரையோடு அவர் இணைத்திருக்கும் பரிசுப் பணப் பட்டியல். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் டைகர் உட்ஸ் வென்றவை 82 பட்டங்கள், பரிசுப் பணம் 12 கோடியே 9 லட்சம் டாலர். சாம் ஸ்னீட் வென்றவையும் அதே 82, பரிசுப் பணம் ஏறத்தாழ 6 லட்சத்து 20 ஆயிரம் டாலர். கட்டுரையாளரின் அளவுகோல்படி முன்னவர் பின்னவரைவிடக் கிட்டத்தட்ட இருநூறு மடங்கு உயர்ந்தவர். அப்படி உயர்ந்தவர் ஏன் பின்னவர் நின்ற அதே எண்ணில் வந்து நின்றார் என்று கேட்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. 18 மேஜர் பட்டங்களோடு இன்றுவரை முறியடிக்கப்படாமல் நிற்கும் ஜாக் நிக்லஸ் வாழ்நாளெல்லாம் அந்த டூரில் ஈட்டியது 57 லட்சம் டாலர் சொச்சம். 2025 ஆகஸ்ட் வரை அதே டூரில் ஒரு பட்டமும் வெல்லாதிருந்த டாமி ஃப்ளீட்வுட் அதற்குள் ஈட்டியிருந்தது 3 கோடியே 30 லட்சம் டாலருக்கும் மேல். ஃப்ளீட்வுட் நல்ல ஆட்டக்காரர், ஐரோப்பிய டூரில் பலமுறை வென்றவர், பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியவர்; அவரிடம் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் டூரில் ஒருமுறையும் வெல்லாத நிலையிலேயே அவர் நிக்லஸைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு என்று சொல்லும் அளவுகோலை நீட்டிக்கொண்டு வருகிறவரிடம் சண்டை போடாமல் எப்படி இருப்பது?

இந்த இடத்தில் கட்டுரையாளர் விலைவாசியைக் காரணம் காட்டி நழுவுவார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவருடைய அடிக்குறிப்பு ஒன்று ஏற்கெனவே அந்தக் கதவில் ஒரு காலை வைத்திருக்கிறது. பணவீக்கத்தைச் சரிசெய்துவிட்டால் பட்டியல் நேராகிவிடுமாம். சரி, இரண்டு ஆட்டக்காரர்களை ஒப்பிட்டால்தானே வம்பு? ஒரே ஆட்டக்காரரை, ஒரே மைதானத்தில், ஒரே போட்டியில் வைத்துப் பார்ப்போம். அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியில் டைகர் உட்ஸ் ஐந்துமுறை வென்று வெற்றியாளருக்கான பச்சைக் கோட்டு அணிந்தார். 1997-இல் இரண்டாம் இடத்துக்காரரை 12 ஸ்ட்ரோக் பின்னால் விட்டு, 18 அண்டர் பாரில் முடித்தார். கோல்ஃப் உலகமே வாயடைத்து நின்ற அந்த வெற்றிக்குக் கிடைத்தது 4 லட்சத்து 86 ஆயிரம் டாலர். 2001-இலும் 2002-இலும் 10 லட்சத்து 8 ஆயிரம். 2005-இல் கிறிஸ் டிமார்கோவுடன் பிளேஆஃப் வரை இழுத்துக்கொண்டு போய் வென்றதற்கு 12 லட்சத்து 60 ஆயிரம். 2019-இல், முதுகை அறுத்துத் தைத்துக்கொண்டு வந்த 43 வயதுக்காரர் ஒரே ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றதற்கு 20 லட்சத்து 70 ஆயிரம். பன்னிரண்டு ஸ்ட்ரோக் முன்னிலையின் விலை ஒரு ஸ்ட்ரோக் முன்னிலையின் விலையில் கால் பங்குகூட இல்லை. 1997-ஆம் ஆண்டுத் தொகையை அமெரிக்க விலைவாசிக் குறியீட்டின்படி 2019-க்குக் கொண்டுவந்தாலும் அது 8 லட்சத்தைத் தொடாது. மிச்சம் 12 லட்சத்துக்கு மேல் எங்கிருந்து வந்தது? டைகரின் மணிக்கட்டிலிருந்தா, தொலைக்காட்சி ஒப்பந்தத்திலிருந்தா?

இதில் இன்னொரு நகைச்சுவை உண்டு, அது கட்டுரையாளர் கண்ணுக்குத் தப்பிவிட்டது. தொலைக்காட்சிப் பணம் அப்படிப் பெருக்கெடுத்து ஓடியதற்கு முதற்காரணமே டைகர் உட்ஸ்தான். 1996-இல் மில்வாக்கியில் தொழில்முறை ஆட்டக்காரராக இறங்கிய அந்த முதல் வாரத்தில் அவர் பெற்ற காசோலை 2,544 டாலர். அவர் ஆடத் தொடங்கிய பிறகு பார்வையாளர் பெருகி, பரிசுத் தொகை பெருகி, அதன் பலனை அவருக்குப் பின்வந்தவர்கள் அவரைவிட வேகமாக அறுவடை செய்தார்கள். ஸ்காட்டி ஷெஃப்லர் 2024 என்ற ஒரே பருவத்தில் 2 கோடியே 92 லட்சம் டாலர் பரிசு வாங்கினார். ஆக, பயிரிட்டவனைவிட அறுத்தவன் சிறந்த உழவன் என்பதுதான் இவர் கண்டுபிடித்த சித்தாந்தம்.

ஷெஃப்லரின் அந்த எண்ணையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். அதே 2024-இல் ஃபெடெக்ஸ் கோப்பை வென்றதற்காக அவர் பெற்ற இரண்டரைக் கோடி டாலர் அதில் சேராது. அது போனஸ், அதிகாரபூர்வப் பரிசுப் பணம் அல்ல என்று டூர் தனியே எழுதி வைத்துவிட்டது. ஓர் ஆண்டில் ஒருவர் ஆடிச் சம்பாதித்ததில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானது பட்டியலிலேயே இல்லை! எண் பொய் சொல்லாது என்றவர், எது எண்ணாகும் எது எண்ணாகாது என்பதை ஓர் அலுவலகம் முடிவு செய்கிறது என்பதை ஏன் சொல்லவில்லை? தெரியாமலா, தெரிந்தும் சொன்னால் கட்டுரை அந்தப் பக்கத்திலேயே முடிந்துவிடும் என்பதாலா? மைதானத்துக்கு வெளியே வரும் பணத்தைப் பற்றியோ பேச்சே இல்லை. டைகரின் மொத்த வருமானத்தில் பரிசுப் பணம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பது ஃபோர்ப்ஸ் பத்திரிகையின் மதிப்பீடு. ஆர்னால்ட் பாமர் டூரில் வென்றது மொத்தம் 18 லட்சத்து 60 ஆயிரம் டாலர்தான். 1960 வாக்கில் மார்க் மெக்கார்மக் என்ற வழக்கறிஞரோடு கைகுலுக்கி அவர் தொடங்கி வைத்த விளம்பர வியாபாரம்தான் அவரையும் செல்வராக்கியது, ஐஎம்ஜி என்ற நிறுவனத்தையும் உருவாக்கியது. பணத்தையே அளவுகோலாக வைப்பதென்றால் முழுப் பணத்தையும் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் அளக்கப்படுவது ஆட்டமல்ல, முகம் என்பது வெளிப்பட்டுவிடும். அதனால்தான் இந்தக் குன்றக் கூறல்.

இரண்டாவது வாதத்தில் ஓர் அரை உண்மை இருக்கிறது, அதை மறுக்கப் போவதில்லை. கோல்ஃப் ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் கிடையாது, வாராவாரம் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார், இரண்டு நாள் ஆடி முதல் 65 இடத்துக்குள் வராவிட்டால் கட் விழுந்து வெறுங்கையோடு வீடு திரும்புகிறார், விமானம், ஓட்டல், பை தூக்கும் கேடியின் கூலி எல்லாம் அவர் பையிலிருந்தே போகிறது என்கிறார். உண்மைதான், பல்லாண்டுகள் அப்படித்தான் இருந்தது. ஆகவே கிடைக்கும் ஒவ்வொரு டாலரும் தூய தகுதியின் கூலி என்கிறாரே, அங்கேதான் சறுக்குகிறார்.

90 லட்சம் டாலர் பரிசுள்ள ஒரு சாதாரண வாரத்தை எடுத்துக்கொள்வோம். வென்றவருக்கு 18 விழுக்காடு, அதாவது 16 லட்சத்து 20 ஆயிரம். இரண்டாமவருக்கு 10.9 விழுக்காடு, 9 லட்சத்து 81 ஆயிரம். நீங்கள் தனியாக இரண்டாம் இடத்தில் உட்கார்ந்துகொண்டு கடைசி ஜோடி ஆடி முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரமாகிவிட்டது, கையுறையைக் கழற்றி வைத்தாகிவிட்டது. கடைசிக் குழியில் ஒருவர் பத்தடி தூரத்திலிருந்து ஒரு புட் போடுகிறார், உள்ளே விழுந்தால் உங்களோடு சமன். விழுகிறது. இரண்டாம் இடத்தின் 10.9-ஐயும் மூன்றாம் இடத்தின் 6.9-ஐயும் கூட்டி இரண்டாக வகுத்து ஆளுக்கு 8 லட்சத்து 1,000 டாலர். ஒரு விநாடியில் உங்களிடமிருந்து 1 லட்சத்து 80 ஆயிரம் டாலர் போய்விட்டது. உங்கள் தகுதி அந்த விநாடியில் எத்தனை அங்குலம் குறைந்தது என்று கட்டுரையாளர் தயவுசெய்து அளந்து சொல்லட்டும்.

இதுவாவது விளையாட்டின் விதி என்று விடலாம். 2021-இல் பிஜிஏ டூர் தொடங்கிய, ரசிகர் கவனத்தை ஈர்ப்பவர்களுக்கான திட்டத்தை என்ன செய்வது? அதன் முதல் ஆண்டில் முதல் இடம் பிடித்து 80 லட்சம் டாலர் பெற்றவர் டைகர் உட்ஸ். அந்த 2021-இல், பிப்ரவரியில் நேர்ந்த கார் விபத்தில் கால் நொறுங்கி, டூரின் அதிகாரபூர்வப் போட்டி ஒன்றில்கூட அவர் ஆடவில்லை. ஒரு பந்தையும் அடிக்காமல் 80 லட்சம்! வாராவாரம் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதாவது? பிறகு 2 கோடி டாலர் பரிசுள்ள சிக்னேச்சர் போட்டிகள் வந்தன. எழுபது எண்பது பேர் மட்டும் ஆடுவார்கள், முந்தைய ஆண்டின் முதல் ஐம்பது பேருக்கு இடம் உறுதி, பெரும்பாலானவற்றில் கட்டே கிடையாது, கடைசியில் முடித்தாலும் பல்லாயிரம் டாலர். சென்ற ஆண்டு உள்ளே இருந்தவர் இந்த ஆண்டும் உள்ளே இருக்க வழி செய்யும் ஏற்பாட்டுக்குப் பெயர் தகுதி என்றால் ஜமீனுக்கும் அதே பெயரை வைத்துவிடலாமே. 2024-இல் இந்தப் போட்டிகளில் டைகருக்குத் தனி வழி திறக்க டூர் ஒரு விதி செய்தது: 80-க்கு மேல் பட்டம் வென்றவருக்கு இடம் உண்டு. உயிரோடு இருப்பவர்களில் அவர் ஒருவரே அதற்குப் பொருந்துவார். வேடிக்கை என்னவென்றால், ஒருவரின் வாழ்நாள் சாதனையை மதிக்க நினைத்தபோது டூரே கையில் எடுத்தது பட்ட எண்ணிக்கையைத்தான். பரிசுப் பணத்தை வைத்துத் தகுதியை அளக்கலாம் என்பதில் பணத்தை வழங்குகிற அமைப்புக்கே இல்லாத நம்பிக்கை நம் கட்டுரையாளருக்கு இருக்கிறது.

தகுதிக்கேற்ற கூலி என்ற பாசுரத்தை அவர் பாடும்போது பை தூக்குகிறவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்தேன். 2018 நவம்பரில் மெக்ஸிகோவின் மாயகோபா போட்டியை மேட் குச்சர் வென்றார். பரிசு 12 லட்சத்து 96 ஆயிரம் டாலர். அந்த வாரம் அவருக்குப் பை தூக்கியவர் உள்ளூர் கேடி. வென்ற வாரத்தில் கேடிக்குப் பத்து விழுக்காடு என்பது டூரில் எழுதப்படாத வழக்கம். வழக்கமான கேடியாக இருந்திருந்தால் 1,29,600 டாலர் கிடைத்திருக்கும். உள்ளூர்க்காரருக்குக் கிடைத்தது 5,000. ஊர் சிரித்த பிறகு, அடுத்த ஆண்டு பிப்ரவரியில், தொகை 50,000 ஆனது. அதே நான்கு நாள், அதே பை, அதே தோள். முதல் காசோலைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் பெருகியது அந்த மனிதரின் தகுதியா, குச்சரின் வெட்கமா?

கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பது மூன்றாவது வாதம். இதற்கு அவர் கொண்டுவரும் சாட்சி நம்மவர், அர்ஜுன் அட்வால். 2010-இல் டூரில் ஆடும் உரிமையான டூர் கார்டை இழந்த நிலையில், திங்கட்கிழமைத் தகுதிச் சுற்றில் ஆடி உள்ளே நுழைந்து, விண்டம் சாம்பியன்ஷிப்பை வென்று 9 லட்சத்து 18 ஆயிரம் டாலர் பெற்றார். பிஜிஏ டூரில் வென்ற முதல் இந்தியர். மகத்தான வெற்றிதான், எனக்கும் புல்லரித்தது. ஆனால் அட்வாலுக்கு முன் அப்படித் திங்கட்கிழமை நுழைந்து ஞாயிற்றுக்கிழமை கோப்பை வாங்கியவர் 1986-இல்தான் இருந்தார் என்ற தகவலைக் கட்டுரையாளர் விழுங்கிவிட்டார். இருபத்து நான்கு ஆண்டுக்கு ஒருமுறை திறக்கிற கதவைத் திறந்த கதவு என்பார்களா?

அந்தக் கதவின் பழைய வரலாறு அவருடைய பட்டியலுக்கு இன்னும் பெரிய அவமானம். அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கமான பிஜிஏவின் சட்ட திட்டத்தில் வெள்ளையருக்கு மட்டுமே உறுப்புரிமை என்ற ஷரத்து 1961 வரை இருந்தது. அது நீக்கப்பட்டபோது சார்லி சிஃபோர்டுக்கு வயது 39. ஒரு கோல்ஃபருக்கு நல்ல ஆண்டுகள் எவை என்று தெரிந்தவர்களுக்கு அந்த வயதின் பொருள் தெரியும். அதற்குப் பிறகும், கூட்டத்திலிருந்து வந்த வசவுகளையும் மிரட்டல்களையும் தாங்கிக்கொண்டு, 1967-இல் ஹார்ட்ஃபோர்டிலும் 1969-இல் லாஸ் ஏஞ்சலிஸிலும் வென்றார். மாஸ்டர்ஸ் போட்டிக்கு அவரைக் கடைசிவரை அழைக்கவேயில்லை. அவருடைய வாழ்நாள் பரிசுப் பணம் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் டாலர் சொச்சம். பட்டியலில் அவர் எத்தனையோ நூறு பேருக்குக் கீழே கிடக்கிறார். எண் பொய் சொல்லாது என்ற வாக்கியத்தை சிஃபோர்டின் வரிசைக்கு நேராக எழுதிப் பார்க்கும் துணிச்சல் கட்டுரையாளருக்கு உண்டா?

இனி மாறுகொளக் கூறலின் உச்சம். மூன்று பக்கம் சந்தையே நீதிபதி, விலையே தகுதி என்று பூசை செய்துவிட்டு, நான்காம் பக்கத்தில், சவூதி பணத்தில் தொடங்கிய போட்டித் தொடரான லிவ் கோல்ஃபுக்குப் போனவர்களைக் கூலிப்படை என்று திட்டுகிறார். ஏன் ஐயா? சவூதி முதலீட்டு நிதியின் பணம் சந்தையில் செல்லாதா? சார்ல் ஷ்வார்ட்ஸல் 2011 மாஸ்டர்ஸில் கடைசி நான்கு குழிகளிலும் பர்டி அடித்து வென்றார், அந்த ஞாயிற்றுக்கிழமையை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பரிசு 14 லட்சத்து 40 ஆயிரம் டாலர். 2022 ஜூனில் லண்டனுக்கு அருகே லிவ் நடத்திய முதல் போட்டியில், 48 பேர் மட்டும் ஆடிய மூன்று நாள் ஆட்டத்தில் வென்று, அணிப் பங்கையும் சேர்த்து 47 லட்சத்து 50 ஆயிரம் வாங்கினார். விலையே தகுதி என்றால் லண்டன் வெற்றி அகஸ்டா வெற்றியைப்போல் மூன்று மடங்குக்கு மேல் பெரியது என்று கட்டுரையாளர் ஒத்துக்கொண்டாக வேண்டும். ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை, பணம் எங்கிருந்து வருகிறது, எதற்காக வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்கிறார். அப்படியென்றால் எங்கள் பக்கத்துக்கு வந்துவிட்டார், உட்காரச் சொல்லுங்கள். அந்தப் போட்டியில் கடைசி இடத்துக்கு 1,20,000 டாலர். பைரன் நெல்சன் 1945 என்ற ஒரே ஆண்டில் 18 போட்டிகளை, அதில் 11-ஐ அடுத்தடுத்து வென்று, பெரும்பகுதியைப் போர்க்கடன் பத்திரமாகப் பெற்றது ஏறக்குறைய 63,000. கடைசி இடத்துக்காரர் நெல்சனைப்போல் இரண்டு மடங்கு என்பது எங்கள் கணக்கல்ல, அவருடைய கணக்கு. கூலிப்படை என்று அவர் கொதித்த அதே பணத்தோடு 2023 ஜூனில் பிஜிஏ டூர் கைகோக்க உடன்படிக்கை செய்ததைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை.

பெண்கள் ஆட்டத்துக்குக் குறைந்த பணம் கிடைப்பது சந்தையின் தீர்ப்பு என்று ஒரு பத்தியில் முடித்துவிட்டார், நானும் ஒரு பத்தியில் முடிக்கிறேன். அனிகா ஸோரென்ஸ்டாம் எல்பிஜிஏ டூரில் வென்றது 72 பட்டங்கள், 10 மேஜர்கள்; வாழ்நாள் பரிசு இரண்டேகால் கோடி டாலரை ஒட்டியது. பட்டமே இல்லாதிருந்த ஃப்ளீட்வுட்டின் தொகையை மேலே சொல்லியிருக்கிறேன், திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பெண்கள் ஓப்பனின் மொத்தப் பரிசு 2021-இல் 55 லட்சம் டாலர், 2022-இல் 1 கோடி. ஓராண்டில் பெண்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு நன்றாக ஆடக் கற்றுக்கொண்டார்களா? ஓர் அறையில் உட்கார்ந்து சிலர் முடிவெடுத்தார்கள், ஒரு ஸ்பான்சர் கிடைத்தார், எண் மாறியது. அந்த அறைக்குத்தான் இவர் சந்தை என்று பெயர் சூட்டியிருக்கிறார்.

இவ்வளவு ஓட்டையான ஒரு வாதத்தை ஏன் ஒருவர் இத்தனை உற்சாகத்தோடு எழுத வேண்டும்? விடை கட்டுரையின் கடைசிப் பத்தியில் இருக்கிறது. அதுவரை பசும்புல்லில் உலவிக்கொண்டிருந்தவர் திடீரென்று அலுவலகத்துக்குள் நுழைந்து, சம்பளம் போதவில்லை என்று முனகுகிறவர்கள் கோல்ஃபரைப் பார்த்துப் பாடம் கற்க வேண்டும், ஒருவர் வாங்கும் தொகையே அவர் தகுதிக்குச் சாட்சி என்று உபதேசம் செய்கிறார். அட, இதற்குத்தானா டைகர் உட்ஸை அகஸ்டாவிலிருந்து இழுத்து வந்தது! கோல்ஃப் அவருக்குச் சாக்கு. குறைந்த கூலி வாங்குகிறவனிடம் உன் தகுதி அவ்வளவுதான் என்று நேரே சொல்லக் கூசுவதால், கோடி டாலர் வாங்குகிறவரைப் புகழ்ந்து சுற்றுவழியில் சொல்கிறார். சந்தையின் புகழ் பாடுகிற எவரும் அந்தச் சந்தையில் தன் சொந்தக் கட்டுரைக்கு என்ன விலை கிடைத்தது என்பதை மட்டும் சொல்வதில்லை என்பதையும் வாசகர்கள் கவனித்திருப்பீர்கள். தமிழ்ப் பத்திரிகையின் சன்மானத்தை வைத்து அவருடைய அறிவை அளக்க நாங்கள் தயாரில்லை. அந்தச் சலுகையை அவர் கேட்காமலே கொடுக்கிறோம்.

கடைசியாக அவருக்கு ஒரு வேலை. 1930-இல் அன்றைய நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்ற பாபி ஜோன்ஸ் கடைசிவரை அமெச்சூராகவே ஆடியவர், பரிசுப் பணமாக ஒரு காசும் தொடாதவர்; பழங்கதை என்று அவரை ஒதுக்குவாரானால் ஒதுக்கட்டும். 2024 ஜனவரிக்கு வரட்டும். கலிஃபோர்னியாவில் நடந்த அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் போட்டியை ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றவர் நிக் டன்லப், அலபாமா பல்கலைக்கழக மாணவர், 20 வயது. 1991-இல் டூசானில் ஃபில் மிக்கல்சன் வென்ற பிறகு அமெச்சூர் ஒருவர் அந்த டூரில் வென்றது அதுவே முதல்முறை. அமெச்சூர் என்பதால் பரிசு வாங்கக் கூடாது. 15 லட்சத்து 12 ஆயிரம் டாலரும் இரண்டாவதாக வந்த கிறிஸ்டியான் பெஸாய்டன்ஹவுட்டுக்குப் போனது. கட்டுரையாளர் பதில் எழுதுவதாக இருந்தால், அந்த வாரம் மேலான ஆட்டம் ஆடியவர் யார் என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதட்டும். பட்டியலை மறுபடி இணைக்க வேண்டாம், எங்களிடம் இருக்கிறது.